காருக்கு வந்த கெட்ட பெயர்!

பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று என் நண்பர் ஒருவருக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார் பார்க்கப் புறப்பட்டோம். துணைக்கு ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டோம்.

கார் நன்றாகத்தான் இருந்தது. பெயிண்டு உரியவில்லை. விலையும் குறைவு. நண்பருக்கு வாயெல்லாம் பல்! ஆனால் மெக்கானிக் காரைத் தொடவே இல்லை. முன்பக்கம் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வண்டியா? வேண்டவே வேண்டாம், சார்!"

"ஏன், இந்தக் கம்பெனி வண்டிகள் உங்களிடம் நிறைய ரிப்பேருக்கு வருமோ?" என்று கேட்டேன்.

"நான் ஒன்றுகூடக் கை வைத்துப் பார்த்ததில்லை, சார். எல்லாரும் சொல்கிறார்களே!"

நண்பர் அந்தக் காரை வாங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

'எல்லாரும் சொல்கிறார்கள்' என்ற இந்த இரண்டு வார்த்தைகள் இருக்கின்றனவே, அவை பெரிய பெரிய தொழிற்சாலைகளையே ஆட்டி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு ஜெர்மானியக் காருக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள்.

தானாகப் பாய்ந்த கார்

அந்தக் காரின் பெயர் ஆடி. நான்கு வளையங்களைக் கோர்த்தது போன்ற முத்திரை போட்ட கார். ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் என்ற ஊரில் அதன் தலைமைத் தொழிற்சாலை இருக்கிறது. வோக்ஸ்வாகன் என்ற பெரிய கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

1978-ம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் 'ஆடி 5000' என்ற கார் விற்பனைக்கு வந்தது. வசதி படைத்தவர்கள் விரும்பி வாங்கினார்கள். 1985-ம் ஆண்டில் மட்டும் சுமார் 74 ஆயிரம் ஆடி கார்கள் அமெரிக்காவில் விற்றன. அதுவரை அவ்வளவு விற்றதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் விபரீதமான புகார்கள் வரத் தொடங்கின.

புகார் சொன்னவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "வீட்டு வாசலில் காரைக் கிளப்பினேன். கியரைப் போட்டேன். கார் திடீரென்று பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதிக்க மிதிக்க வேகம் கூடியதே தவிர, கார் நிற்கவில்லை. சுவரை இடித்துக்கொண்டு போய்விட்டது!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான கார்களில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். காலுக்கு இரண்டே மிதிகள். ஒன்று பிரேக். மற்றொன்று வேகத்தைக் கூட்டும் ஆக்ஸிலரேட்டர். கையால் பிடிக்க ஒரு கியர்க் கம்பி உண்டு. கார் நிற்கும்போது அது 'பார்க்' என்ற இடத்தில் இருக்கும். புறப்படும்போது அதை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிட்டால் போதும். கார் நகரும்.

இப்படி நகரப்போன ஒரு கார் ஒரு குடும்பத்தையே குலைத்துவிட்டது. ஒரு தாய் காரில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய 6 வயது மகன் கார் ஷெட்டின் கதவைத் திறப்பதற்காக முன்னே போனான். கார் பாய்ந்தது. தாயின் கண் எதிரிலேயே, அவள் ஓட்டிய காரிலேயே, பிள்ளை இறந்துபோனான்.

"என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது" என்று அந்தத் தாய் சொன்னாள்.

டெலிவிஷனில் வந்தது

1986-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அப்போது கோடிக்கணக்கான மக்கள் பார்த்துவந்த '60 மினிட்ஸ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஆடி காரைப் பற்றிக் காட்டினார்கள். மகனை இழந்த அந்தத் தாய் திரையில் தோன்றிப் பேசினாள். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் காட்டினார்கள். ஓர் ஆடி கார். ஆக்ஸிலரேட்டரில் யாருடைய காலும் இல்லை. ஆனால் அது தானாகக் கீழே இறங்குகிறது! கார் சீறுகிறது! பேய் புகுந்த வண்டி போல!

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வழக்குப் போட்டவர்களின் தரப்பில் வேலை செய்த நிபுணர் ஒருவர், அந்தக் காரின் கியர்ப் பெட்டியில் துளை போட்டு, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, மிதி இறங்கும்படி செய்திருந்தார். இந்தச் செய்தி பிறகுதான் வெளியே வந்தது. நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அன்று இதைச் சொல்லவில்லை. அவர்கள் கண்டதெல்லாம் தானாக இறங்கிய மிதி ஒன்றுதான். கண்ணால் கண்டதை யாராவது நம்பாமல் இருப்பார்களா?

குற்றவாளி யார்?

அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா விசாரணை நடத்தியது. பல கம்பெனிகளின் கார்களைப் பற்றி இதே போன்ற புகார்கள் வந்திருந்தன. ஆனால் ஆடியைப் பற்றித்தான் புகார் அதிகம். நிபுணர்கள் கார்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள்.

முதலில் ஒன்று தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்திக்கொண்டு, கூடவே பிரேக்கையும் பலமாக மிதித்தால் என்ன ஆகும்? கார் நிற்கும்! எஞ்சினைவிடப் பிரேக்குக்கு பலம் அதிகம். அப்படியானால், பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை என்று சொன்னவர்களின் கால் எதன் மேல் இருந்தது?

1989-ம் ஆண்டில் அரசாங்க அறிக்கை வந்தது. ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்பதுதான் முடிவு. கார் பாய்ந்ததும் பயந்துபோய் இன்னும் பலமாக மிதித்திருக்கிறார்கள். கார் இன்னும் வேகமாகப் பாய்ந்திருக்கிறது. கனடாவிலும் ஜப்பானிலும் அரசாங்கங்கள் ஆராய்ந்தன. அங்கேயும் இதே முடிவுதான். மகனைப் பறிகொடுத்த தாயின் வழக்கிலும், காரில் குற்றம் இல்லை என்று ஜூரிகள் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாய் பொய் சொன்னாளா? இல்லை. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறீர்களா? தரை வந்து 'தொம்' என்று இடிக்கும். கால் பார்த்து நடப்பதில்லை. பழக்கத்தால் நடக்கிறது. காரிலும் அப்படித்தான். யாரும் குனிந்து பார்த்துப் பிரேக்கை மிதிப்பதில்லை. தன் கால் பிரேக்கில்தான் இருந்தது என்று அவள் மனமார நம்பினாள்.

அதற்காகக் காருக்கு முழு மன்னிப்பும் கொடுத்துவிட முடியாது. அமெரிக்கக் கார்களில் பிரேக் மிதி சற்று உயரமாகவும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தள்ளியும் இருக்கும். ஆடியில் இரண்டும் நெருங்கி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. அமெரிக்கக் கார் ஓட்டிப் பழகிய கால், ஜெர்மானியக் காரில் ஏமாந்துபோக அது வழி செய்தது. சில கார்களில், மிதிக்காமலே எஞ்சின் வேகம் திடீரென்று கொஞ்சம் ஏறும்படியான கோளாறும் இருந்தது. அந்தச் சத்தத்தில் ஓட்டுகிறவர் திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்துவிடலாம்.

கம்பெனி என்ன செய்தது?

முதலில் கம்பெனி ஒரே பேச்சாகப் பேசியது. "எங்கள் காரில் பிழை இல்லை. ஓட்டுகிறவர்கள்தான் தவறாக மிதிக்கிறார்கள்."

பேச்சு பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் டெலிவிஷனில் அழுகிறாள். அவளைப் பார்த்துக் கம்பெனி 'உன் கால்தான் தவறு' என்கிறது. கேட்கிறவர்கள் யார் பக்கம் சேருவார்கள்? சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதில் எழுதிய அந்தக் கனவான்களுக்கு இது தோன்றவில்லை.

1987-ம் ஆண்டு ஜனவரியில் கம்பெனி இறங்கி வந்தது. சுமார் 2½ லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, கியரில் ஒரு பூட்டு வைத்துக் கொடுத்தது. பிரேக்கை மிதித்தால்தான் கியர்க் கம்பி 'பார்க்'கிலிருந்து நகரும். மிதிக்காவிட்டால் நகராது. எளிய ஏற்பாடு. பாய்ச்சல் விபத்துகள் குறைந்தன. இன்று தானாகக் கியர் மாறும் காரை நீங்கள் ஓட்டினால், அந்தப் பூட்டு அதில் இருக்கும்.

கோளாறுக்கு மருந்து கிடைத்துவிட்டது. 1989-ல் அரசாங்கமும் விசாரணையை முடித்துவிட்டது. ஆடி காருக்கு நல்ல காலம் பிறந்ததா?

இல்லை! 1985-ல் 74 ஆயிரம் கார் விற்ற அதே நாட்டில், 1991-ல் சுமார் 12 ஆயிரம் கார்கள்தான் விற்றன. பழி நீங்கி இரண்டு வருஷம் ஆன பிறகு விற்ற கணக்கு இது. நம் ஊரில் ஆடி மாதத்தில் புதுச் சாமான் வாங்கச் சிலர் தயங்குவார்கள். அமெரிக்காவில் வருஷம் பன்னிரண்டு மாதமும் ஆடி வாங்கத் தயங்கினார்கள். கம்பெனி விலையைத் தள்ளிக் கொடுத்தும் பார்த்தது. ஆடித் தள்ளுபடிதான்! பலன் இல்லை.

பழி ஏன் ஒட்டிக்கொண்டது?

குற்றச்சாட்டு வந்தது படமாக. அழும் தாய், பாயும் கார். குழந்தைகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளும். தீர்ப்பு வந்தது தடிமனான அறிக்கையாக. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? முன்னது வீட்டுக்கு வீடு பேச்சானது. பின்னது அலுவலக அலமாரியில் ஏறியது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஓட்டலில் சாம்பார் நன்றாக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மழைக்கு ஒதுங்குகிறீர்கள். பசி. வேறு வழி இல்லாமல் சாப்பிடுகிறீர்கள். "அட, சமையல்காரரை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறதே!" என்று உங்கள் அபிப்பிராயம் மாறிவிடுகிறது.

காரை அப்படி மழைக்கு ஒதுங்கி வாங்க முடியுமா? ஒரு குடும்பம் பல வருஷத்துக்கு ஒரு முறைதான் கார் வாங்குகிறது. வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு அதுதான். கெட்ட பெயர் எடுத்த காரை ஒதுக்கிவிட்டு வேறு கார் வாங்குகிறவர், ஒதுக்கிய கார் திருந்திவிட்டதா, முதலில் அதில் குற்றம் இருந்ததா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார். பத்து வருஷம் ஆனாலும் பழைய அபிப்பிராயம் அப்படியே இருக்கும். கேட்கிறவர்களுக்கு அதையே சொல்லுவார். எங்கள் மெக்கானிக் சொன்ன மாதிரி!

மூன்றாவதாக, பழைய காரின் விலை. ஒரு காருக்குக் கெட்ட பெயர் வந்தால், அதை வைத்திருப்பவர் விற்கும்போது பாதி விலைக்குக் கேட்பார்கள். ஆடி விஷயத்தில் இது கோர்ட்டுக்கே போனது. 1987-ல் சில ஆடி சொந்தக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய கார் எங்கேயும் பாயவில்லை. யாரையும் இடிக்கவில்லை. "காரின் பெயர் கெட்டதால் எங்கள் காருக்கு விலை போய்விட்டது. நஷ்டம் கொடுங்கள்!" என்பதுதான் வழக்கு. அந்த வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது.

விலை விழுந்த கார் யார் கைக்குப் போகும்? கையில் பணம் குறைவாக உள்ளவர் கைக்கு. அவர் காலாகாலத்தில் எண்ணெய் மாற்ற முடியாது. நல்ல உதிரிச் சாமான் வாங்கிப் போட முடியாது. ஒரு நாள் கார் நடுரோட்டில் நின்றுவிடும். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். "நான் அப்போதே சொன்னேன் அல்லவா? அந்தக் கம்பெனி வண்டி அப்படித்தான்!"

1989-ல் கம்பெனி '5000' என்ற எண்ணையே கைவிட்டது. 100, 200 என்று வேறு எண்களை வைத்தது. கண்ணேறு கழிக்கக் குழந்தைக்குப் பெயர் மாற்றுவது போல! அதிலும் உடனே குணம் தெரியவில்லை. பிறகு 'ஏ4' என்ற புதிய கார் வந்தது. ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். 1985-ல் விற்ற எண்ணிக்கையை அமெரிக்காவில் ஆடி மறுபடியும் தாண்டியது 2000-ம் ஆண்டில்தான். பதினைந்து வருஷம்! 1986-ல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை, 2000-ல் தானே கார் ஓட்டும் வயதுக்கு வந்துவிட்டது.

சிரிப்புக்கு ஆளான கார்

ஆடி பெரும்பாலும் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தது. உண்மையிலேயே குறை இருந்து, பிறகு திருந்திய கார் என்றால் மக்கள் மறந்துவிடுவார்களா? அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் ஸ்கோடா என்று சொன்னாலே போதும். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஸ்கோடா செக் நாட்டுக் கார். அதன் ஆரம்பமே ஒரு ரோஷத்தில்தான். கிளெமென்ட் என்று ஒரு புத்தக வியாபாரி இருந்தார். ஜெர்மானியக் கம்பெனியின் சைக்கிள் ஒன்று வாங்கினார். அது பழுதாகிவிட்டது. கம்பெனிக்குத் தம் தாய்மொழியான செக் மொழியில் கடிதம் எழுதினார். 'எங்களுக்குப் புரிகிற மொழியில் எழுது' என்று பதில் வந்தது. வந்ததே கோபம்! லாரின் என்ற மெக்கானிக்கைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 1895-ல் ம்லாடா போலெஸ்லாவ் என்ற ஊரில் தாமே சைக்கிள் பட்டறை போட்டுவிட்டார். 1905-ல் கார் செய்தார்கள். 1925-ல் ஸ்கோடா என்ற பெரிய தொழிற்சாலையோடு சேர்ந்தார்கள். நல்ல பெயரோடு நடந்த கம்பெனி.

1948-ல் அந்த நாட்டில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. எவ்வளவு கார் செய்வது, எப்போது புது மாதிரி கொண்டுவருவது என்பதெல்லாம் சர்க்கார் திட்டத்தில் அடங்கிவிட்டது. 1964-ல் எஞ்சினைப் பின்புறம் வைத்த கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மற்ற நாட்டுக் கம்பெனிகள் எஞ்சினை முன்னால் வைத்து, முன் சக்கரங்களை ஓட்டும் மாதிரிக்கு மாறிவிட்டன. ஸ்கோடா மட்டும் 1987-ல் 'ஃபேவரிட்' என்ற கார் வரும்வரை பழைய மாதிரியைக் கட்டிக்கொண்டு மாரடித்தது. இங்கிலாந்தில் விலை மலிவு என்பதற்காக வாங்கினார்கள். மலிவு என்பதற்காகவே சிரித்தார்கள்.

"ஸ்கோடா காரின் விலையை இரண்டு மடங்காக்குவது எப்படி? டாங்கில் பெட்ரோலை நிரப்பு!" இது ஒரு விகடம். (இன்றைய பெட்ரோல் விலைக்கு எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும்.)

இன்னொன்று. குளிர் நாட்டுக் கார்களில் பின் கண்ணாடியில் படியும் பனியைப் போக்கச் சூடேற்றும் கம்பிகள் இருக்கும். "ஸ்கோடாவில் பின் கண்ணாடிக்கு எதற்காகச் சூடு? பின்னால் நின்று தள்ளுகிறவருக்குக் கை விறைக்காமல் இருக்க!"

போதாக்குறைக்கு, செக் மொழியில் 'ஸ்கோடா' என்றால் 'நஷ்டம்', 'ஐயோ பாவம்' என்று பொருள்! இங்கிலாந்தில் நடந்த கரடுமுரடான ராலிப் பந்தயங்களில் இதே கார் தன் பிரிவில் பல வருஷம் முதலாவதாக வந்தது. அதை யாரும் விகடமாகச் சொல்லவில்லை.

1989-ல் கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்தது. 1991-ல் வோக்ஸ்வாகன் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. ஆடி காருக்குச் சொந்தக்காரரான அதே வோக்ஸ்வாகன்தான். ஒரு பிள்ளையால் பட்ட அவதி தீருமுன் இன்னொரு பிள்ளையைத் தத்து எடுத்தது! பணம் வந்தது. புது இயந்திரங்கள் வந்தன. 1996-ல் 'ஆக்டேவியா' என்ற கார் வெளிவந்தது. வோக்ஸ்வாகன் காரின் அடிப்பாகமும் எஞ்சினும் கொண்டது. பத்திரிகைகளில் கார் பரீட்சை செய்கிறவர்கள் பாராட்டினார்கள். இங்கிலாந்து ஜனங்கள் மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை.

கார் நல்ல கார் என்று ஆதாரம் காட்டி விளம்பரம் செய்து பார்த்தார்கள். எடுபடவில்லை. 2000-ம் ஆண்டில் வேறு வழி பிடித்தார்கள். ஒரு விளம்பரத்தில், கார் நிறுத்தும் இடத்துக் காவல்காரர் சொந்தக்காரரிடம் வந்து வருத்தப்படுகிறார். "ஐயா, உங்கள் அழகான புதுக் காரில் எந்தப் போக்கிரிப் பையனோ ஸ்கோடா முத்திரையை ஒட்டிவிட்டான்!" இன்னொன்றில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர், பளபளக்கும் கார்களைப் புகழ்ந்துவிட்டு, "அந்த வேடிக்கையான ஸ்கோடா கார்களையும் இங்கேதான் செய்கிறீர்களாமே?" என்று கேட்கிறார். அவர் இவ்வளவு நேரம் பார்த்தது ஸ்கோடாதான்!

ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை சிரித்தது காரைப் பார்த்து அல்ல. காரைக் கேலி செய்கிறவரைப் பார்த்து. விற்பனை ஏறத் தொடங்கியது. ஆடி கம்பெனி 'தவறு உன்னுடையது' என்று வாதாடித் தோற்ற இடத்தில், ஸ்கோடா 'எங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும்' என்று சொல்லி வென்றது. பின்னாளில் இங்கிலாந்துப் போலீசாரே ஆக்டேவியா கார்களில் ரோந்து போனார்கள். 2014-ம் ஆண்டில் ஸ்கோடா உலகம் முழுவதும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களை விற்றது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2001-ல் அதே ஆக்டேவியா இந்தியாவுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத்தில் தொழிற்சாலை வைத்தார்கள். இங்கே அது பணக்காரர்களின் கார்! வாங்கியவர்கள் பெருமையாக வாசலில் நிறுத்திக்கொண்டார்கள். அதே எஞ்சின், அதே முத்திரை, அதே பெயர். இங்கிலாந்தின் விகடங்களை மட்டும் யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை.

என் நண்பர் கடைசியில் வேறு கம்பெனிக் கார் ஒன்றை வாங்கினார். நல்ல பெயர் எடுத்த கம்பெனி. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னார். மூன்று மாதத்தில் அது இரண்டு தடவை நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"இது வண்டியின் குற்றம் இல்லை, சார். பெட்ரோலில் ஏதாவது கலந்திருக்கும்" என்றார் அவர்.